அமெரிக்க அரசுப் பள்ளியில் கொடி, கண்டிப்பு, மரியாதை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இருக்கும் நியூஜெர்சியில் சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பள்ளி நடக்கிறது. பிள்ளைகள் உள்ளே உயிர்மெய் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பெற்றோர்கள் வெளியே காபியோடு பேசிக்கொண்டிருப்போம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்பதில் பாதி வீட்டு வாடகை, மீதி பள்ளிக்கூடம். அந்த இரண்டாவது பாதியைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. இரண்டு பிள்ளைகளை இங்கே படிக்கவைத்த அனுபவமும், ஒவ்வொரு தடவை பயந்தபோதும் தேடிப் படித்ததும்தான் கைவசம்.

முதலில் ஒன்று. ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் இங்கே அரசு நடத்தும் இலவசப் பள்ளி. நாடு முழுக்க ஏறக்குறைய 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று விதி வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் மாநிலச் சட்டம். அதனால் டெக்சாஸில் இருக்கும் உங்கள் மச்சான் சொல்வதும் நான் சொல்வதும் வேறாக இருக்கலாம், இரண்டும் சரியாகவும் இருக்கலாம்.

காலையில் எல்லாரும் நெஞ்சில் கைவைத்து ஏதோ சொல்கிறார்களாமே, அது என்ன?

‘பிளெட்ஜ் ஆஃப் அலீஜியன்ஸ்’ என்னும் கொடி உறுதிமொழி. ஆங்கிலத்தில் 31 சொற்கள்தான். அமெரிக்கக் கொடிக்கும், அந்தக் கொடி யாருக்காகப் பறக்கிறதோ அந்தக் குடியரசுக்கும் விசுவாசமாக இருப்பேன். அது கடவுளின் கீழ் பிரிக்க முடியாத ஒரே நாடு, அதில் எல்லோருக்கும் சுதந்திரமும் நீதியும் உண்டு. இவ்வளவுதான் சாரம். பெரும்பாலான மாநிலங்களில் இதற்குப் பள்ளி தினமும் நேரம் ஒதுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. டெக்சாஸில் இதோடு டெக்சாஸ் கொடிக்கும் தனியாக ஓர் உறுதிமொழி, பிறகு ஒரு நிமிட மௌனம்.

எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி. பாப்டிஸ்ட் பாதிரியார், சோஷலிசம் பேசியவர். 1892-இல் கொலம்பஸ் வந்த நானூறாம் ஆண்டு விழாவுக்காக ‘தி யூத்ஸ் கம்பானியன்’ என்ற இதழில் வெளியானது. அந்த இதழ் அப்போது பள்ளிகளுக்குக் கொடி விற்றுக்கொண்டும் இருந்தது. நாட்டுப்பற்றும் வியாபாரமும் ஒரே பக்கத்தில்!

பெல்லமி எழுதியது ‘என் கொடி’ என்று மட்டும்தான். 1920-களில் அதை ‘அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி’ என்று மாற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வீட்டுப் பிள்ளைகள் ‘என் கொடி’ என்று சொல்லும்போது மனதில் சொந்த ஊர்க் கொடியை நினைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற கவலை. அதாவது, நம் மாதிரி வீடுகளை நினைத்துச் செய்த திருத்தம் அது.

அந்தக் காலத்தில் நெஞ்சில் கைவைக்கும் வழக்கமும் கிடையாது. வலது கையைக் கொடியை நோக்கி நீட்டுவார்கள். பழைய புகைப்படங்களைப் பார்த்தால் திக்கென்றிருக்கும். அப்படியே ஹிட்லர் வணக்கம். இரண்டாம் உலகப் போர் வந்த பிறகு அது ஒட்டவில்லை. 1942 டிசம்பரில் நாடாளுமன்றம் நெஞ்சில் கைவைக்கும் முறைக்கு மாற்றியது.

எங்கள் மகள் ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கிறாள். இதைச் சொன்னால் அவளுடைய இந்தியக் குடியுரிமைக்குப் பாதிப்பு வருமா?

வராது. குடியுரிமை பெறும்போது பெரியவர்கள் எடுக்கும் சத்தியப் பிரமாணம் வேறு. அதில்தான் பழைய நாட்டின் விசுவாசத்தைத் துறக்கிறேன் என்ற வாசகம் உண்டு. காலையில் வகுப்பில் சொல்வதற்குச் சட்டத்தில் எந்த விளைவும் இல்லை. சொல்லலாம், சும்மா நிற்கலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எப்படியும் சொல்லிவிடும், பக்கத்துப் பிள்ளை சொல்கிறதே!

சொல்ல மாட்டேன் என்றால் தண்டிப்பார்களா?

தண்டிக்கக் கூடாது. இந்தப் பதில் சும்மா வந்துவிடவில்லை, அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1935-இல் அங்கே 12 வயதுச் சிறுமியும் அவளுடைய 10 வயதுத் தம்பியும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவு. கொடிக்கு வணக்கம் வைப்பது விக்கிரக வழிபாடு என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளி இருவரையும் வெளியேற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1940 ஜூனில் 8-க்கு 1 என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் தீர்ப்பு வந்தது. நாட்டு ஒற்றுமைதான் பெரிது என்றார் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர். அவரே சிறுவயதில் வியன்னாவிலிருந்து வந்து குடியேறியவர்.

தீர்ப்பு வந்த கையோடு பல ஊர்களில் அந்தப் பிரிவினரைத் தாக்கினார்கள். மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் அவர்களுடைய கூடத்தைக் கொளுத்தினார்கள். கொடியை மதிக்கச் சொல்லி அடித்தார்கள்.

மூன்று வருடம் கழித்து அதே கேள்வி மேற்கு வர்ஜீனியாவிலிருந்து மறுபடி வந்தது. அங்கே வணக்கம் செலுத்தாத பிள்ளையை வெளியேற்றுவார்கள். பள்ளிக்கு வராத குற்றத்துக்காகப் பெற்றோர் மீது வழக்கும் போடலாம். இந்தத் தடவை 6-க்கு 3 என்று தீர்ப்பு தலைகீழானது. தேதி 1943 ஜூன் 14. போர் உச்சத்தில் இருந்த நேரம் என்பதைக் கவனியுங்கள். பையன்கள் அயல்நாட்டில் கொடிக்காகச் செத்துக்கொண்டிருக்கும்போது, கொடிக்கு வணக்கம் செய்யச் சொல்லிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது நீதிமன்றம். எழுதியவர் ராபர்ட் ஜாக்சன், பிற்பாடு நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள் மீதான வழக்கை நடத்திய அதே ஜாக்சன். அரசியலானாலும் மதமானாலும் நாட்டுப்பற்றானாலும் இதுதான் சரியான கருத்து என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது என்றார். அடித்து உண்டாக்கும் ஒற்றுமை இடுகாட்டு ஒற்றுமைதான் என்ற பொருளில் அதில் ஒரு வரி வரும். அந்தத் தீர்ப்பைத்தான் ‘பார்னெட் வழக்கு’ என்கிறார்கள். இன்று வரை அதுதான் சட்டம்.

இதற்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1985-இல் கேரளத்தில் அதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி வெளியேற்றியது. மறு ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். நீதிபதி சின்னப்ப ரெட்டி அதில் மேற்கு வர்ஜீனியாத் தீர்ப்பையும் எடுத்துப் பேசியிருக்கிறார்.

சரி, சொல்லாவிட்டாலும் எழுந்தாவது நிற்க வேண்டும் அல்லவா?

நியூஜெர்சியில் நிற்கவும் கட்டாயம் இல்லை. இங்கே அப்படி ஒரு சட்டம் இருந்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1978-இல் அதைச் செல்லாது என்றது. டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் விலக்கு வேண்டுமானால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி. ஃபுளோரிடா விதியை நீதிமன்றம் 2008-இல் பெற்றோர் உரிமை என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. எனக்கு இது விசித்திரமாகவே படுகிறது. மனசாட்சி பிள்ளையுடையது, கையெழுத்து அப்பாவுடையது.

எங்கள் வீட்டில் சொல்லிவைத்திருப்பது: பிடிக்காவிட்டால் சொல்லாதே, ஆனால் மற்றவர்கள் சொல்லும்போது சத்தம் போடாதே. கோயிலுக்குப் போகும் நண்பனோடு நாத்திகன் வாசலில் நிற்பது போல.

அதில் ‘கடவுளின் கீழ்’ என்று வருகிறதே, அரசுப் பள்ளியில் கடவுள் கூடாது என்கிறார்களே?

பள்ளியே நடத்தும் பிரார்த்தனை 1962-இலிருந்து கூடாது. ஆனால் இந்தச் சொல் 1954-இல் நுழைந்தது. நாத்திகக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டிக்கொள்ள வேண்டிய காலம். அப்போதைய ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார். கலிபோர்னியாவில் ஒரு நாத்திகத் தந்தை வழக்குப் போட்டார். மகள் அவருடைய முழுப் பொறுப்பில் இல்லை, வழக்காட அவருக்குத் தகுதி இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2004-இல் நழுவிவிட்டது.

ஒரு வேடிக்கை: 1943 தீர்ப்பு, 1954 கையெழுத்து, 2004 தீர்ப்பு மூன்றும் ஜூன் 14-இல். அன்றுதான் இங்கே கொடி நாள்.

ஆசிரியர் வந்தால் யாரும் எழுந்திருப்பதில்லை, காலைத் தூக்கிப் போட்டு உட்காருகிறார்கள். மரியாதையே கிடையாதா?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். கேட்பவர் முகத்தில் கொஞ்சம் வருத்தமும் இருக்கும்.

நமக்கு மரியாதை என்பது உடம்பில் தெரிய வேண்டும். எழுந்து நிற்பது, கையைக் கட்டுவது, தலையைக் குனிவது, புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. இங்கே ஆசிரியரே மேசை மேல் உட்கார்ந்து பாடம் நடத்துவார், பையைத் தரையில் போடுவார்கள், புத்தகம் அதன் பக்கத்தில் கிடக்கும். ஆனால் அதே வகுப்பில் கை உயர்த்தாமல் பேசினால் தவறு. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசினால் தவறு. பாத்ரூம் போக ‘ஹால் பாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும். மூன்று நிமிடம் தாமதமானால் அலுவலகத்தில் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் அது நட்பு இல்லை, திருட்டு. அவர்கள் மரியாதையை வரிசையிலும் நேரத்திலும் முறையிலும் வைத்திருக்கிறார்கள்.

என் பெரியவன் மூன்றாம் வகுப்பு படித்தபோது பெற்றோர் சந்திப்புக்குப் போனேன். “உங்கள் மகன் கேள்வியே கேட்பதில்லை” என்றார் ஆசிரியை. அடக்கமான பிள்ளை என்று பாராட்டுகிறார் என நினைத்து நன்றி சொல்லிவிட்டேன்! வீட்டுக்கு வந்து அறிக்கையைப் பிரித்தால் ‘வகுப்பில் பங்கேற்பு: முன்னேற்றம் தேவை’. இன்னொன்று, திட்டும்போது தரையைப் பார்க்கும் பிள்ளையை நாம் ‘பயம் இருக்கிறது, நல்ல பையன்’ என்போம். இங்கே கண்ணைப் பார்க்காவிட்டால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம் எடுப்பவர்கள் உண்டு. இதை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் புரிந்துகொள்வார். நான் சொல்லவில்லை, ஒரு வருடம் வீணானது.

ஆசிரியரை எப்படிக் கூப்பிட வேண்டும்?

மிஸ்டர், மிஸ், மிஸஸ் போட்டுக் குடும்பப் பெயர். வெறுமனே ‘டீச்சர்’ என்றால் பெயர் தெரியாதவர் போல ஒலிக்கும். தென் மாநிலங்களில் ‘யெஸ் மேம்’, ‘நோ சார்’ வழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. லூசியானாவில் 1999-இல் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அப்படித்தான் பேச வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அதே சொல்லை நியூஜெர்சியில் சொன்னால் சில ஆசிரியைகளுக்கு வயதாகிவிட்டது போலத் தோன்றும்.

அடிப்பார்களா?

பெரும்பாலான இடங்களில் தொடவே மாட்டார்கள். நியூஜெர்சி 1867-இலேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தது. அமெரிக்காவிலேயே முதல் மாநிலம், அடுத்தது வர நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. ஆனால் நாடு முழுக்கத் தடை இல்லை. 1977-இல் உச்ச நீதிமன்றம், பள்ளியில் அடிப்பது ‘கொடூரமான தண்டனை’ தடைக்குள் வராது என்று 5-க்கு 4 கணக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கின் பையன் ஃபுளோரிடாவைச் சேர்ந்த 14 வயது மாணவன். ‘பேடில்’ என்னும் மரப்பலகையால் இருபது முறைக்கு மேல் அடி வாங்கியவன். பெரும்பாலும் தெற்கில் இன்றும் பல மாநிலங்களில் சட்டம் இதை அனுமதிக்கிறது. மிசூரியில் காஸ்வில் என்ற ஊர் 2022-இல் பெற்றோர் சம்மதத்தோடு திரும்பவும் கொண்டுவந்தது. சம்மதப் படிவம் வந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டில் அடிப்பது பற்றியும் மெல்லிய குரலில் கேட்கிறார்கள். உடம்பில் தடம் இருந்தாலோ பிள்ளை பயத்தோடு சொன்னாலோ ஆசிரியர் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். அது அவருடைய சட்டக் கடமை. உங்களைப் பிடிக்காமல் செய்தார் என்று நினைக்க வேண்டாம். அதை விட, அடிக்காமல் இருப்பது சுலபம்.

டிடென்ஷன், சஸ்பென்ஷன், எக்ஸ்பல்ஷன்: என்ன வித்தியாசம்?

பள்ளி முடிந்தும் உட்காரவைப்பது டிடென்ஷன். சில நாள் பள்ளிக்கு வராதே என்பது சஸ்பென்ஷன். நீண்ட காலத்துக்கு வெளியேற்றுவது எக்ஸ்பல்ஷன். பத்து நாள் வரை சஸ்பெண்ட் செய்வதானாலும் என்ன குற்றம், என்ன ஆதாரம் என்று சொல்லி, பிள்ளையின் தரப்பைக் கேட்க வேண்டும். ஓஹையோ மாணவர்கள் தொடுத்த வழக்கில் 1975-இல் கிடைத்த உரிமை இது. ‘என் பையன் பக்கத்தைக் கேட்டீர்களா?’ என்று நீங்கள் பிரின்சிபலிடம் கேட்பது சண்டை ஆகாது, நடைமுறைதான். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளையைப் பத்து நாளுக்கு மேல் வெளியே வைக்க முடிவெடுத்தால், அதிலிருந்து பத்துப் பள்ளி நாளுக்குள் அந்த நடத்தை அவனுடைய குறைபாட்டால் வந்ததா என்று கூடிப் பேசியாக வேண்டும்.

விளையாட்டாகப் பேசியதற்கு போலீஸ் வரை போனதாகக் கேள்விப்பட்டோம். நிஜமா?

நிஜம். இதில்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் மாட்டுகிறார்கள்.

நாம் நாளுக்குப் பத்து தடவை ‘கொன்னுடுவேன்’ என்கிறோம். பால் பொங்கினால், ரிமோட்டைக் காணோம் என்றால், தம்பி பென்சிலை எடுத்தால். பிள்ளை அதை ஆங்கிலத்தில் அப்படியே பெயர்த்துச் சாப்பாட்டு மேசையில் சொல்கிறது. சொன்ன இடம் அமெரிக்கப் பள்ளி. 1999 ஏப்ரல் 20-இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சுட்டதில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் அன்றே இறந்தார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ. பிள்ளைகள் வருடத்துக்குச் சில தடவை கதவைப் பூட்டி விளக்கை அணைத்து மூலையில் ஒளிந்து பயிற்சி செய்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அந்தச் சொல்லை யாரும் பால் பொங்கியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

துப்பாக்கி கொண்டுவந்தால் ஒரு வருடம் வெளியேற்ற வேண்டும் என்பது 1994-இன் மத்தியச் சட்டம். அந்தக் கண்டிப்பைப் பள்ளிகள் மற்றதற்கும் நீட்டியதில் கேலிக்கூத்துகளும் நடந்தன. 2013-இல் மேரிலாந்தில் ஏழு வயதுப் பையன் காலைப் பலகாரத்தைக் கடித்துத் துப்பாக்கி மாதிரி ஆக்கினான் என்று இரண்டு நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் நம் பிள்ளைக்கு நடந்தால் வராது. அதனால் முதலில் பெரியவர்கள் வீட்டில் அந்தச் சொல்லை விடுங்கள். நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

கண்டிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியா?

இல்லை. கல்வித்துறையின் சொந்தக் கணக்கே சொல்கிறது: 2017-18 கல்வியாண்டில் மாணவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 15 சதவீதம், சஸ்பெண்ட் ஆனவர்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 2014-இல் ஒபாமா அரசு இதைச் சரிசெய்ய வழிகாட்டுதல் கொடுத்தது, 2018 டிசம்பரில் டிரம்ப் அரசு அதை விலக்கிக்கொண்டது. ‘எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை’ என்று நம்மவர்கள் சிலர் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். வகுப்பில் பக்கத்து நாற்காலியில் நடப்பதை நம் பிள்ளையும்தான் பார்க்கிறது.

அரசியல் வாசகம் போட்ட டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போகலாமா?

பொதுவாகப் போகலாம். 1965 டிசம்பரில் அயோவாவின் டெமாயின் நகரில் மாணவர்கள் சிலர் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்தார்கள். அதில் மேரி பெத் டிங்கருக்கு 13 வயது. சஸ்பெண்ட் செய்தார்கள். பள்ளி வாசலில் செருப்பைப் போல உரிமையைக் கழற்றிவைத்துவிட்டு யாரும் உள்ளே வருவதில்லை என்ற பொருளில் 1969-இல் தீர்ப்பு வந்தது. (செருப்பு என் சேர்க்கை.) பாடம் நடப்பதைப் பெரிதாகக் குலைத்தால்தான் பள்ளி தடுக்கலாம். ஆபாசத்துக்கும் போதைப்பொருளைத் தூண்டும் பேச்சுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. பள்ளிக்கு வெளியே ஒரு கடையிலிருந்து ஸ்னாப்சாட்டில் சியர்லீடிங் (ஆட்டங்களில் உற்சாகமூட்டும்) குழுவைத் திட்டிய பென்சில்வேனியா மாணவிக்கும் 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் வெற்றிதான். ஆனால் அதற்கு அவள் நான்கு வருடம் காத்திருந்தாள்.

செல்போன்?

2023-இல் ஃபுளோரிடா சட்டம் போட்டது, பிறகு மாநிலம் மாநிலமாகத் தடை வருகிறது. உங்கள் பள்ளியில் கேளுங்கள். பாட நேரத்தில் ‘சாப்பிட்டியா’ என்று செய்தி அனுப்பாதீர்கள், மாட்டுவது பிள்ளை.

ராணுவத்துக்கு ஆள் எடுப்பவர்கள் பள்ளிக்குள் வருவார்களா?

உயர்நிலைப் பள்ளிக்கு வருவார்கள். மத்திய நிதி பெறும் பள்ளி மாணவர் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை அவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும். சில பள்ளிகளில் ஜே.ஆர்.ஓ.டி.சி. வகுப்பு உண்டு, நம் ஊர் என்.சி.சி. போல, சீருடை, அணிவகுப்பு. சேர்ந்தால் ராணுவத்துக்குப் போயாக வேண்டும் என்று இல்லை.

நாட்டைப் பற்றி உருப்படியாக ஏதாவது கற்றுக்கொடுக்கிறார்களா, இல்லை கொடியோடு சரியா?

செப்டம்பர் 17 அரசியலமைப்பு நாள். மத்திய நிதி பெறும் பள்ளி அன்று அரசியலமைப்பைப் பற்றி ஏதாவது நடத்த வேண்டும். குடியுரிமைத் தேர்வின் கேள்விகளில் தேறினால்தான் பள்ளிப் பட்டம் என்று 2015-இல் அரிசோனா தொடங்கிவைத்தது. அப்படி இருந்தும் 2022-இல் நடந்த தேசிய மதிப்பீட்டில், எட்டாம் வகுப்பில் குடிமையியலில் நல்ல தேர்ச்சி காட்டியவர்கள் 22 சதவீதம், அமெரிக்க வரலாற்றில் 13 சதவீதம். அடிமை முறையைப் பாடத்தில் எவ்வளவு சொல்லலாம் என்று மாநிலங்களில் பெரியவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாதது அடிமை முறை மட்டும் இல்லை என்பதுதான் இந்த எண்களைப் பார்த்து எனக்குத் தோன்றியது.

என் சின்னவள் ஆறாம் வகுப்பில் மேற்கு வர்ஜீனியா வழக்கைப் பற்றிப் படித்துவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து பிளெட்ஜ் சொல்வதை நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. “சொல்லாமலும் இருக்கலாம்னு தெரிஞ்ச பிறகு சொல்றதுக்கு நல்லா இருக்குப்பா” என்றாள்.

பள்ளி தொடங்கும் வாரத்தில் நாங்கள் செய்ய வேண்டியது?

முதல் வாரம் ‘ஸ்டூடன்ட் ஹேண்ட்புக்’ என்னும் பள்ளி விதிப் புத்தகம் வரும், பெரும்பாலும் இணையத்தில். படித்தேன் என்று கையெழுத்துக் கேட்பார்கள். எல்லாரும் படிக்காமல்தான் போடுகிறார்கள், நானும் முதல் வருடம் அப்படித்தான். ஒழுங்கு விதி, உடை விதி, போன் விதி, இந்த மூன்றையாவது பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். ராணுவத்துக்கு விவரம் தர மறுக்கும் படிவம் பொதுவாகக் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதற்குக் கடைசித் தேதியும் உண்டு, குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.